மேல் பவேரியா, டிரோல் மலைக் கல்யாணங்கள்: யார், எப்போது, எதற்குக் காசு கொடுப்பது?

நிலாமுற்றம்
வணக்கம். ஜெர்மனியின் மேல் பவேரியாவில், கீம்காவ் வட்டாரத்தில், ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அழைப்பிதழின் அடியில் "மால்கெல்ட் 45 யூரோ" என்று அச்சிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு விருந்தாளியே காசு கொடுக்க வேண்டுமா? அப்படியானால் மொய் தனியா? மதியத்துக்கு மேல் மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் போகிறோம், ஒருவர் சுத்த சைவம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்நதிக்கரை
மால்கெல்ட் என்றால் சாப்பாட்டுக் காசு. நம் ஊரில் பந்தி போடுவது கல்யாண வீட்டார். அங்கே பழைய வழக்கப்படி பந்தி போடுவது ஊர்ச் சத்திரக்காரர், அதாவது விர்ட். மாப்பிள்ளையும் பெண்ணும் அவரோடு பேசித் தலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். வருகிறவர்கள் தங்கள் பங்கைக் கட்டுவார்கள். இருநூறு முந்நூறு பேர் வரும் கல்யாணத்தை ஒரு சிறு பண்ணைக் குடும்பம் கடன் படாமல் நடத்த முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஆகவே இதைக் கஞ்சத்தனமாக நினைக்காதீர்கள். நெருங்கிய சொந்தங்களின் பங்கை மட்டும் கல்யாண வீட்டார் கட்டுவது உண்டு. எல்லாருக்குமே வீட்டார் கட்டும் கல்யாணங்களும் இப்போது நிறைய. உங்கள் அழைப்பிதழில் தொகை போட்டிருப்பதால் நீங்கள் கட்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மேசைக்கே வந்து வாங்குவார்கள், அல்லது வாசலில் ஒரு மேசை இருக்கும். சில்லறையாக, ரொக்கமாக வைத்திருங்கள். குடிப்பது பெரும்பாலும் அவரவர் கணக்கு. பரிமாறுபவர் பியர் அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வருவார், அந்த அட்டையைத் தொலைக்க வேண்டாம்.

மொய் தனி. அதை வாங்கும் சடங்குக்குப் பெயர் ஷெங்கென், நடத்துபவர் ஹோக்சைட்ஸ்லாடர். கல்யாணத்துக்கு ஆள் அழைப்பவர் என்று பொருள். ரிப்பனும் பூவும் கட்டிய நீளக் கோலோடு வீடு வீடாகப் போய், செய்யுள் சொல்லி அழைப்பது அவர் வேலை. கீழ் பவேரியப் பக்கம் இவரையே ப்ரோக்ரோடர் என்பார்கள். கல்யாணத்தன்று ஊர்வலத்தை வரிசைப்படுத்துவது, யார் எங்கே உட்கார்வது, எப்போது நடனம், எப்போது மொய் எல்லாம் அவர் கையில். எதில் சந்தேகம் வந்தாலும் மாப்பிள்ளையிடம் போகாதீர்கள், அந்தக் கோல்காரரிடம் கேளுங்கள்.

இடையிடையே அவர் க்ஷ்டான்ஸல் பாடுவார். நான்கு அடி, எதுகை உண்டு, ஒவ்வொரு பாட்டும் ஒரு விருந்தாளியைச் சீண்டும். யார் என்ன தொழில், எந்த ஊர், என்ன வேடிக்கை நடந்தது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார். உங்களைப் பாடினால் கோபப்பட வேண்டாம், கோப்பையைத் தூக்கிக் காட்டினால் போதும். பாடப்படாமல் விடப்பட்டவர்தான் அங்கே வருத்தப்படுவார்.

சூரிச்_வதனி
ஒரு விசயம் சேர்த்துச் சொல்லுறன். தேவாலயக் கலியாணம், பதிவுக் கலியாணம் இரண்டையும் குழப்பிப் போடாதேங்கோ. இஞ்ச சுவிஸில முதல் பதிவு, பிறகுதான் தேவாலயம். சட்டமே அப்பிடித்தான். ஜெர்மனியில 2009 ஜனவரியில இருந்து அந்தத் தடை இல்லை, ஆனாலும் தேவாலயத்தில மட்டும் கட்டினால் அரசாங்கக் கணக்கில அது கலியாணம் இல்லை. அதனால பதிவு வேற நாளில, நாலைஞ்சு பேரோட முடிஞ்சிருக்கும். உங்களுக்கு வந்தது தேவாலயமும் சத்திரமும் சேர்ந்த நாளுக்கான அழைப்பு.

உடுப்பு: பட்டுச் சேலை வடிவா உடுக்கலாம், சந்தோசப்படுவினம். வெள்ளையும் தந்த நிறமும் மட்டும் வேண்டாம், அது கலியாணப் பொம்பிளைக்குரிய நிறம். ஆடி மாதமெண்டாலும் பின்னேரம் மலைக்காத்து குளிரும், கல்லுத் தேவாலயம் அதைவிடக் குளிர், ஒரு சால்வை கட்டாயம். தேவாலயத்துக்குள்ள செருப்புக் கழட்டத் தேவையில்லை. ஆம்பிளையள் தொப்பியைக் கழட்ட வேணும். மற்றவை எழும்பேக்க எழும்புங்கோ. நற்கருணை வாங்க வரிசையில போக வேண்டாம், அது கத்தோலிக்கருக்கு மட்டும். இருந்த இடத்திலயே இருந்தால் ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டினம்.

டிர்ண்டல் எண்ட இஞ்சத்தைய பாரம்பரியப் பெண்கள் உடுப்பை உடுக்கிறதெண்டால் ஏப்ரன் முடிச்சு முக்கியம். உடுத்தவவின்ர இடது பக்கம் முடிஞ்சால் கலியாணம் ஆகாதவ, வலது பக்கம் எண்டால் ஆனவ, பின்னால எண்டால் கைம்பெண் அல்லது பரிமாறுறவ. இது அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. ஆனால் இப்ப எல்லாரும் அதைப் பாத்துத்தான் நடன மேடைக்குக் கூப்பிடுகினம்.

சமையற்கட்டு
சைவ விஷயத்தில் வழக்கமாக எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் வருவது கல்யாண சூப். தெளிந்த மாட்டு எலும்புச் சாறு, அதில் ஈரல் உருண்டையோ பான்கேக் கீற்றோ மிதக்கும். "பான்கேக் சூப்தான், இறைச்சி இல்லை" என்று பரிமாறுபவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். சாறு என்னவோ மாட்டுச் சாறு. அடுத்தது கனேடல் என்னும் ரொட்டி உருண்டை. எல்லை தாண்டி டிரோலில் அதற்குள் உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும். காஸ்ப்ரெஸ்கனேடல் என்னும் சீஸ் உருண்டையில் இறைச்சி கிடையாது, ஆனால் அதையும் மாட்டுச் சாற்றில்தான் போட்டுத் தருவார்கள். சாறு வேண்டாம், கீரை சாலட்டோடு தட்டில் வையுங்கள் என்று சொல்ல வேண்டும். முட்டைக்கோஸ் அப்பாவி மாதிரித் தெரியும். சிவப்புக் கோஸைப் பன்றி நெய்யிலோ வாத்துக் கொழுப்பிலோ வதக்குவது பழக்கம், புளித்த கோஸில் கொழுப்புத் துண்டு போடுவார்கள். பொரித்த மாவுப் பலகாரம், கீயக்ல் அல்லது அவுஸ்ஸோக்னே என்பார்கள், நம் அதிரசம் போல நடுவில் மெலிந்து ஓரம் தடித்திருக்கும். அதை உருக்கிய வெண்ணெயில் பொரித்ததா, பன்றி நெய்யிலா என்று கேளுங்கள். க்ரீம் கேக்கில் ஜெலட்டின் இருக்கலாம்.

நம்பிச் சாப்பிடக்கூடியது கேஸ்ஸ்பெட்ஸ்லே. முட்டை மாவுத் துண்டும் மலைச் சீஸும் அடுக்கி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் போடுவார்கள். முட்டை ஆகாதவருக்கு அதுவும் இல்லை, உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் மிச்சம். சீஸிலேயே ரென்னெட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை) பார்ப்பவர் என்றால் இன்னும் சிக்கல். ஒரு வாரம் முன்பே கல்யாண வீட்டார் மூலம் சத்திரத்துக்குச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அடுப்படியில் போய்ச் சொன்னால் ஒன்றும் நடக்காது. சைவம் என்பதற்காக மால்கெல்ட் குறையாது, முழுத் தொகைதான்.

காலையில் வெள்ளைத் தொத்திறைச்சி விருந்து இருக்கலாம். சாப்பிடுகிறவர்களுக்கு: தோலை உரித்துவிட்டு, இனிப்புக் கடுகோடு. தண்ணீரைக் கொதிக்க விடக் கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுச் சூட்டில் பத்து நிமிடம் போட்டு வைக்க வேண்டும். கொதித்தால் தோல் வெடித்து ருசி தண்ணீரில் இறங்கிவிடும். நண்பகல் மணி அடிப்பதற்குள் தின்று முடிப்பது வழக்கம்.

பனிச்சிகரம்
மணப்பெண்ணைத் தூக்குவது பற்றி. அந்தக் காலத்தில் பண்ணையாருக்கு முதலிரவு உரிமை இருந்தது, அதன் மிச்சம்தான் இது. இதை விளையாட்டு என்று நாமும் போய்க் கைதட்டுவது சரியா?

இன்நதிக்கரை
முதலிரவு உரிமைக் கதையை இடைக்கால வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சட்டமாக நடைமுறையில் இருந்ததற்குச் சான்று கிடையாது, பிற்காலத்தில் கட்டிய கதை அது. அதை இந்தச் சடங்கோடு முடிச்சுப் போட வேண்டாம். மணப்பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் செய்யக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். இப்போது பல பெண்கள் வேண்டாம் என்றுவிடுகிறார்கள், அதைக் கோல்காரரிடம் முன்பே சொன்னால் போதும்.

சரியாக நடத்தினால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெயர் ப்ரௌட்ஃபெர்ட்சீயென். மதியச் சாப்பாடு, முதல் நடனங்கள் முடிந்து மூன்று மணி சுமாருக்கு மாப்பிள்ளையின் தோழர்கள் பெண்ணையும் தோழிகளையும் அழைத்துக்கொண்டு நழுவுவார்கள். வாத்தியக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் கூடப் போவார்கள். போகிற இடம் பெரும்பாலும் அதே சத்திரத்தின் ஒயின் அறை, அல்லது நடந்து போகும் தூரத்தில் இன்னொரு கடை. அங்கே பாட்டும் ஒயினும். மாப்பிள்ளை தேடி வர வேண்டும். வந்ததும் இடுப்பில் ஏப்ரன் கட்டி, கையில் விளக்குமாறு கொடுத்து, விறகுக்கட்டை மேல் முட்டி போடச் சொல்வார்கள். பாத்திரம் கழுவுவேன், குழந்தையைத் தாலாட்டுவேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகு பெண்ணை விடுவார்கள். அதுவரை குடித்த கணக்கை மாப்பிள்ளையோ, பெண்ணைக் காக்கத் தவறிய ப்ரௌட்ஃப்யூரரோ கட்ட வேண்டும். ப்ரௌட்ஃப்யூரர் என்பவர் பெண்ணுக்குத் துணையாக நிற்பவர், நம் மாப்பிள்ளைத் தோழன் போலப் பெண் பக்கத்துக்கு ஒருவர். யார் கட்டுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். முன்பே பேசி வைக்காத இடத்தில் அங்கேயே முகம் சுளிப்பது நடக்கிறது.

கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, நேரம். பெண்ணோடு இளவட்டமும் வாத்தியமும் போய்விட்டால் கூடத்தில் மிஞ்சுவது தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும்தான். ஒரு மணி நேரம் தாண்டினால் அவர்கள் கிளம்பத் தொடங்குவார்கள், அப்புறம் மொய் நேரத்துக்குக் கூடம் பாதி காலி. அதனால்தான் விவரம் தெரிந்த சத்திரக்காரர் காப்பியும் கேக்கும் சரியாக அந்த இடைவெளியில் வைப்பார். இரண்டாவது, கார். வேறு ஊர்க் கடைக்குப் பெண்ணைக் காரில் கொண்டு போவது புதுப் பழக்கம், நல்லதல்ல. ஓட்டுபவரும் குடித்திருப்பார். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிஸ் நான்கிலும் ரத்த ஆல்கஹால் வரம்பு ஆயிரத்துக்கு 0.5 தான். கணக்குக்கும் உச்சவரம்பு வையுங்கள்: ஒயின் மட்டும், இத்தனை லிட்டர் வரை என்று சத்திரக்காரரிடம் சொல்லி வைத்தால் அவரே நிறுத்திவிடுவார்.

தென்டிரோல்_தமிழ்
இத்தாலிக்குள் இருக்கும் தென் டிரோலில் சில விஷயங்கள் வேறு. அங்கே தேவாலயக் கல்யாணமே அரசுக் கல்யாணமும் ஆகும், வத்திக்கானோடு இத்தாலி போட்ட 1929 ஒப்பந்தத்திலிருந்து இதே நிலைதான். பூசை முடிவில் பாதிரியார் இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 143, 144, 147 பிரிவுகளை வாசிப்பார். கணவன் மனைவி கடமை, குடும்ப வாழ்வை இருவரும் கூடி முடிவு செய்வது, பிள்ளைகளை வளர்ப்பது பற்றியவை. பிறகு பதிவேட்டில் கையெழுத்து. ஐந்து நாளுக்குள் ஆவணம் நகராட்சிக்குப் போக வேண்டும். விருந்தினர் பலர் வாசிப்பு தொடங்கியதும் பூசை முடிந்தது என்று எழுந்து வெளியே போகிறார்கள். கையெழுத்து முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.

அங்கே கிளவுசே மாஹென் என்று ஒன்று உண்டு. தேவாலயத்திலிருந்து சத்திரத்துக்குப் போகும் வழியை நண்பர்களும் அண்டை வீட்டாரும் மறிப்பது. குழந்தைகள் கயிறு பிடித்தால் மாப்பிள்ளை சில்லறையும் மிட்டாயும் கொடுப்பார். பெரியவர்கள் மறித்தால் அது நாடகமாகவே இருக்கும். மரக்கட்டை, வைக்கோல் வண்டி, வேலி எல்லாம் குறுக்கே போட்டு, இருவரும் பழகிய நாளில் நடந்ததை நடித்துக் காட்டுவார்கள். மறித்தவர்களுக்கு ஷ்னாப்ஸ் என்னும் சாராயமும் கொஞ்சம் காசும் கொடுத்தால் வழி விடுவார்கள். மாப்பிள்ளைப் பையில் ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் நிறைய இருக்க வேண்டும். நோட்டு மட்டும் வைத்திருப்பவர் இரண்டாவது கயிற்றிலேயே திண்டாடுவார். பொதுச் சாலை என்றால் ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் உடனே திறக்கிற மாதிரி அடைக்க வேண்டும், இரு முனையிலும் ஆள் நிற்க வேண்டும். வளைவுக்கு அப்பால் மறிப்பது ஆபத்து, மலைச்சாலையில் வேகமாக வருபவருக்குத் தெரியாது.

ஊரே இப்படி உரிமையோடு குறுக்கே நிற்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. டிரோலிலும் அதை ஒட்டிய ஆஸ்திரியப் பகுதியான ஃபோரார்ல்பெர்க்கிலும் சொத்தில்லாதவர் கல்யாணம் செய்ய ஊராட்சியின் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவின் மற்றப் பெரும்பாலான பகுதிகளில் முன்பே போய்விட்ட இந்த முறை இவற்றில் 1921 வரை நீடித்தது. ஏழைக் குடும்பம் பெருகினால் ஊர் சோறு போட வேண்டி வரும் என்ற பயம்தான் காரணம். பல இடங்களில் பண்ணையோ பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குப் போகும். மற்றப் பிள்ளைகளில் பலர் அண்ணன் பண்ணையில் வேலையாளாகவே, கல்யாணம் இல்லாமல் கிழவரானார்கள். கல்யாணம் என்பது அங்கே கிடைத்தற்கரிய உரிமையாக இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தக் கயிறும் மறிப்பும் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

பனிச்சிகரம்
1921 வரையா! இது எனக்குப் புதிது, நன்றி. என் ஆட்சேபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெண்ணின் சம்மதம் பற்றிச் சொன்ன பாதி அப்படியே இருக்கட்டும்.

ரம்பக்காரன்
மரம் அறுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. தேவாலய வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் இரட்டைக் கைப்பிடி ரம்பத்தால் ஒரு கட்டையை அறுப்பார்கள். தோழர்கள்தான் ஏற்பாடு செய்வது, பாதிக் கல்யாணத்தில் ரம்பம் சிக்கிக்கொண்டு எல்லாரும் நெளிவார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: கட்டையை இரண்டு தாங்கிகளுக்கும் நடுவில் அறுக்கிறார்கள். நடுவில் அறுத்தால், வெட்டு ஆழமாக ஆகக் கட்டை தன் கனத்தால் உள்பக்கம் தொய்ந்து வெட்டுவாயை மூடும், ரம்பம் கவ்விக்கொள்ளும். தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அறுத்தால், முனை கீழே சாய்ந்து வாய் திறந்துகொண்டே போகும். நீட்டல் முப்பது நாற்பது செ.மீ. போதும்.

மரம் ஸ்ப்ரூஸ், 20 முதல் 25 செ.மீ. விட்டம், அறுக்கும் இடத்தில் கணு கூடாது. கெட்டியான பீச் மரத்தை வேண்டுமென்றே வைக்கும் நண்பர்கள் உண்டு. கல்யாண உடுப்பில் இருப்பவருக்கு அது தண்டனை, வேண்டாம். அறுக்கும் இடத்தில் பட்டையைச் சீவிவிட்டு, ஒரு செ.மீ. ஆழம் முன்பே வெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே பல் வழுக்கிக் கைக்குப் போகும். பிசின் ஒட்டாமல் இருக்க ரம்பத் தகட்டில் லேசாக எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் அதிகமானால் வெள்ளை உடுப்பில் தெறிக்கும்.

இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே: இழுக்க மட்டும் செய்யுங்கள், தள்ளாதீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திக் கூடப் போக வேண்டும். தள்ளினால் தகடு நெளிந்து நிற்கும். மேலே அழுத்தவும் வேண்டாம், ரம்பத்தின் கனமே அறுக்கும். நீள இழுப்பு, மெதுவாக. முக்காடு நீளமாக இருந்தால் தோழி பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். கடைசி இரண்டு செ.மீ. வரும்போது யாராவது கீழே கை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு காலில் விழும்.

நிலாமுற்றம்
ரம்ப விளக்கம் அருமை அண்ணா. விடியற்காலையில் வெடி வைப்பார்கள் என்றும் படித்தேன். சத்திரத்தில் தங்கினால் குழந்தை பயந்துவிடுமே?

இன்நதிக்கரை
நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கலாம், தூங்கவே முடியாது. பட்டாசு இல்லை, பொலர். கைத்துப்பாக்கி போன்ற பிடியில் தடித்த குட்டைக் குழாய், கறுப்பு வெடிமருந்து, தக்கை அடைப்பு. குண்டு கிடையாது, சத்தம் மட்டும். ஜெர்மனியில் இதைக் கையாள வெடிபொருள் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்தின் அளவு அந்தந்தக் குழாயின் சான்றிதழில் இருக்கும், அதற்கு மேல் ஒரு கிராம் போடக் கூடாது. வெடிக்காமல் போன குழாயை உடனே எட்டிப் பார்ப்பது பெரிய தவறு, தாமதமாக வெடிப்பது உண்டு. ஆளில்லாத பக்கம் பார்க்கப் பிடித்துக் காத்திருப்பார்கள். மூன்று விதமாகச் சுடுவார்கள்: எல்லாரும் ஒரே நேரத்தில், ஒருவர் பின் ஒருவராக மெதுவாக, அதையே வேகமாக. குழந்தைக்குக் காதடைப்பு வாங்கி வையுங்கள், முந்தைய இரவே சொல்லி வையுங்கள். மாப்பிள்ளை குதிரை வண்டியில் வந்தால் வண்டி தாண்டும்வரை சுடக் கூடாது, குதிரை மிரண்டால் பிடிப்பது கடினம். சுட்டவர்களுக்குக் காலைச் சாப்பாடும் ஷ்னாப்ஸும் மாப்பிள்ளை செலவு.

கால்சியம் கார்பைடைப் பால் கேனில் போட்டு வெடிக்கும் வழக்கம் ஆஸ்திரியாவில் சில இடங்களில் இருக்கிறது. யாராவது கூப்பிட்டாலும் பக்கத்தில் போகாதீர்கள். மூடி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

நிலாமுற்றம்
கடைசியாக, மொய் எப்படி வைப்பது? நூற்றியொன்று என்று ஒன்று சேர்க்க வேண்டுமா?

இன்நதிக்கரை
ஒன்று சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை, முழுத் தொகையாகவே வையுங்கள். மூடிய உறையில், வாழ்த்து அட்டைக்குள். அட்டையில் பெயரும் ஊரும் தெளிவாக எழுதுங்கள், பிற்பாடு நன்றி அட்டை அனுப்பப் பட்டியல் எழுதுவார்கள். மால்கெல்ட்டை இந்த உறையில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். அது சத்திரக்காரருக்குப் போக வேண்டியது, இது மணமக்களுக்கு உரியது. கலந்துவிட்டால் இரவு கணக்கு இடிக்கும்.

மாலையில் கோல்காரர் பெயர் சொல்லி அழைப்பார்: முதலில் சொந்தங்கள், பிறகு அண்டை வீட்டார், தீயணைப்புப் படை, வாத்தியக் குழு, நண்பர்கள். அழைத்த பிறகு எழுந்தால் போதும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். உறையைக் கொடுத்து, இருவர் கையையும் குலுக்க வேண்டும். ஒரு மிடறு ஒயின் நீட்டினால் குடிக்காதவர் உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் ஏர்டான்ஸ் என்னும் மரியாதை நடனங்கள் நடக்கும். அதில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மட்டுமே ஆட வேண்டும். உற்சாகத்தில் நடுவில் போய்விடாதீர்கள்.

கிளம்பும்போது மறக்கக் கூடாதது ப்ஷோட்டியாகல், அதாவது மிச்சத்தைக் கட்டும் துணி. காசு கட்டிய சாப்பாட்டின் மிச்சம் உங்களுடையது. முன்பு வீட்டிலிருந்து கொண்டு வந்த துணியில் வறுவலையும் பலகாரத்தையும் முடிந்து, வர முடியாமல் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கொண்டு போவார்கள். இப்போது பெட்டியோ அலுமினியத் தாளோ தருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சமையற்கட்டு
சைவருடைய பங்குக்குப் பலகாரம் மட்டும் தனிப் பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். ஒரே தாளில் வறுவலோடு சுற்றிவிடுவார்கள்.